ட்ரோன் கேமராவுக்கு ஃபில்டர் வேண்டுமா? திரையைக் கடக்கும் நேரம் சொல்லும் பதில்

கேமரா ட்ரோன் வாங்கியவர் அடுத்து வாங்க வேண்டியவற்றில் பலவற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. இன்னொரு பேட்டரி வேண்டும், வேகமான மெமரி கார்டு வேண்டும், உதிரி இறக்கைகள் வேண்டும். அதற்கு அடுத்து கடைக்காரர் நீட்டும் சிறு பெட்டியில்தான் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. பெட்டிக்குள் நான்கோ ஆறோ கருநிறக் கண்ணாடிகள் இருக்கும். இவை இல்லாமல் வீடியோ சினிமா போல வராது என்பார் ஒருவர். சாதாரணமாக எடுப்பவருக்கு இது வீண்செலவு என்பார் இன்னொருவர். இருவராலும் தம் கட்சிக்குச் சான்றாக நல்ல படங்களைக் காட்ட முடியும்.

இருவரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு வகையான பறத்தலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்தோடு தலைக்கு மேலே ஹெலிகேம் ஓட்டுபவருக்கும், நூறு மீட்டர் உயரத்திலிருந்து மனைப்பிரிவைக் காட்டுபவருக்கும், வயல் அளப்பவருக்கும், அருவியை நிலைப்படமாக எடுப்பவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் தமக்கான பதிலைத் தாமே கண்டுகொள்ள ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. கேமராவுக்கு முன்னுள்ள ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற எத்தனை வினாடி ஆகிறது? ஃபில்டர் வேண்டுமா என்ற கேள்வியில் பெரும்பங்கை இந்த ஒரு எண்ணே தீர்த்துவிடும். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பெட்டிக்குள் இருப்பவை

ட்ரோனுக்கென விற்கும் ஃபில்டர்களில் முக்கியமானவை மூன்று. முதலாவது என்டி எனப்படும் கருங்கண்ணாடி. இது எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைத்து, லென்ஸுக்குள் போகும் ஒளியை மட்டுப்படுத்துகிறது. அதன் எண் எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதைச் சொல்லும். என்டி 4 ஒளியை நான்கில் ஒன்றாக்கும். ஒளி பாதியாவதை ஒரு ஸ்டாப் என்னும் கேமராக்காரர் கணக்கில் இது இரண்டு ஸ்டாப். என்டி 8 மூன்று ஸ்டாப், என்டி 16 நான்கு, என்டி 32 ஐந்து, என்டி 64 ஆறு, என்டி 256 எட்டு. சில நிறுவனங்கள் இதையே அடர்த்தியாகக் குறிக்கும். ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்ற கணக்கில் என்டி 64 என்பது 1.8 ஆகும்.

இரண்டாவது போலரைசர். நீர், இலை, கண்ணாடி போன்ற பரப்புகளிலிருந்து தெறிக்கும் பளபளப்பை வெட்டுவது இதன் வேலை. மூன்றாவது யுவி, அதாவது நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி. என்டியையும் போலரைசரையும் ஒன்றாக்கிய கலப்பு ஃபில்டர்கள், ஒளிவிளக்குகளைச் சுற்றி மெல்லிய மூட்டம் சேர்க்கும் மிஸ்ட் ஃபில்டர்கள், மேற்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர்கள் ஆகியவையும் உண்டு. ட்ரோனில் கேமரா மேலும் கீழும் சாய்ந்துகொண்டே இருப்பதால், கறுப்பும் வெளுப்பும் சேரும் கோடு அடிவானத்தோடு பொருந்தி நிற்பதில்லை. எனவே இந்தக் கடைசி வகையை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

என்டி பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான நம்பிக்கையையும் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும். நிறத்தைச் செறிவாக்கும், வெளுத்துப்போகும் வானத்தைக் காப்பாற்றும் என்று இதைச் சொல்லி விற்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒளியைச் சமமாகக் குறைக்கும் கண்ணாடியால் வானத்துக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாட்டைத் துளியும் மாற்ற முடியாது. வானம் வெளுக்காமலிருக்க எக்ஸ்போஷரைக் குறைத்தால் போதும். அதற்குக் காசு தேவையில்லை. என்டி தரும் ஒரே பயன், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்ட இடம் தருவது. ஆகவே நீண்ட ஷட்டர் நேரம் யாருக்குத் தேவை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நடுப்பகல் வெயிலின் கணக்கு

ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100 வினாடி. தெளிந்த வெயிலில் சரியான எக்ஸ்போஷருக்கு ஃபிலிம் காலத்திலிருந்து கைக்கொள்ளும் தோராயக் கணக்கு இது. ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்பர்ச்சரை மாற்ற முடியாது. டிஜேஐ மினி 2, ஏர் 2எஸ் ஆகியவற்றில் அது எஃப் 2.8-இல் நிலைத்திருக்கிறது. 2022-இல் வந்த மினி 3 புரோவிலும் 2023-இல் வந்த மினி 4 புரோவிலும் இன்னும் அகலமாக எஃப் 1.7. மாலையிலும் இரவிலும் அகலமான துளை வரம். நடுப்பகலில் அதுவே சிக்கல்.

எஃப் 16-இலிருந்து எஃப் 2.8 ஐந்து ஸ்டாப் அகலம். எனவே வெயிலில் ஷட்டர் 1/3200 வினாடிக்கு ஓடும். எஃப் 1.7-இல் ஆறரை ஸ்டாப் அகலம் என்பதால் ஷட்டர் 1/9000-ஐ நெருங்கும். வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் வீடியோவில் 1/50 வினாடி ஷட்டர் வேண்டுமானால், முதல் வகை ட்ரோனுக்கு ஆறு ஸ்டாப், அதாவது என்டி 64 தேவை. இரண்டாம் வகைக்கு ஏழரை ஸ்டாப். என்டி 128-க்கும் 256-க்கும் நடுவே.

அப்பர்ச்சரை மாற்ற முடிந்த ட்ரோன்களின் நிலை வேறு. மேவிக் 2 புரோவும் மேவிக் 3-உம் எஃப் 2.8 முதல் எஃப் 11 வரை செல்லும். எஃப் 11 வரை குறுக்கிவிட்டால் ஃபில்டரே வேண்டாமே என்று தோன்றலாம். குறுகிய துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால், ஒரு புள்ளி சென்சாரில் சிறு வட்டமாகவே விழுகிறது. எஃப் 11-இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 15 மைக்ரான்; மேவிக் 3 சென்சாரின் ஒரு பிக்சலோ 3.3 மைக்ரான்தான். படத்தின் கூர்மை கண்ணுக்குத் தெரியும்படி குறையும். எஃப் 5.6-இல் நிறுத்தி என்டி 16 போட்டால் கூர்மையும் நிற்கும், 1/50 வினாடியும் கிடைக்கும். மாறும் அப்பர்ச்சர் உள்ளவருக்கு ஃபில்டரின் தேவை குறைகிறது, முற்றாக நீங்குவதில்லை.

1/50 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஷட்டர் நேரம் ஃபிரேம் நேரத்தில் பாதியாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் ஃபிலிம் கேமராவின் உடலமைப்பிலிருந்து வந்தது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு வட்டத்தட்டு சுழலும். அதன் பாதி திறந்திருக்கும்போது ஃபிரேம் பதிவாகும்; மறுபாதி மறைத்திருக்கும்போது ஃபிலிம் அடுத்த ஃபிரேமுக்கு நகரும். 1920களின் இறுதியில் பேசும்படம் வந்து வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைபெற்றபின், 180 டிகிரித் திறப்பு 1/48 வினாடியைத் தந்தது. கை வீசினால் சற்றுக் கலங்கலாகவும், தேர்ச் சக்கரம் சுழன்றால் சற்று மங்கலாகவும் பதிவாகும் அந்தத் தோற்றத்தைத் திரையில் பார்த்தே நம் கண்கள் பழகின.

இது பழக்கமே தவிர இயற்கை விதி அல்ல. ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998) படத்தின் கடற்கரைப் போர்க்காட்சிகளில் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டர் கோணத்தை 45, 90 டிகிரிகளுக்குக் குறுக்கினார். தெறிக்கும் மண் துகள்கள் வெட்டுவெட்டெனத் தெரிந்து, போரின் பதற்றம் பார்ப்பவர் உடம்பில் ஏறியது. ஆகவே விதியை மீறினாலே படம் கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். மீறும்போது திரையில் என்ன தெரிகிறது, அது நமக்கு வேண்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1/50-க்குப் பதில் 1/100 அமைந்தால் எவரும் குறை காண மாட்டார்கள். 1/3200-ஐக் கண் காணுமா என்பதே பேச்சு.

கடக்கும் நேரம்

இங்கேதான் அந்த அளவுகோல் கைகொடுக்கிறது. ட்ரோன் கேமராக்களின் வழக்கமான 24 மி.மீ. லென்ஸ், எதிரே உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தைப் படம் பிடிக்கும். 4கே வீடியோவில் அந்த அகலம் 3,840 பிக்சல்களாகப் பிரிகிறது.

முதலில் நூறு மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தபடி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும் ட்ரோன். திரையின் அகலம் நிலத்தில் 150 மீட்டர். ஒரு மரம் திரையைக் கடக்க 30 வினாடி ஆகும். 1/50 வினாடியில் அது நகரும் தூரம் இரண்டரை பிக்சல். ஃபில்டர் இல்லாமல் 1/3200-இல் எடுத்தால் கலங்கலே இராது. இரண்டரை பிக்சலுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலைபேசியில் மட்டுமல்ல, பெரிய டிவியிலும் கண்டுபிடிப்பது கடினம். இந்தப் பறத்தலுக்கு ஃபில்டர் போட்டாலும் போடாவிட்டாலும் படம் ஒன்றே.

அடுத்து, நான்கு மீட்டர் உயரத்தில் நெற்பயிருக்கு மேலே வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன். திரையின் அகலம் 6 மீட்டர்தான். ஒரு கதிர் முக்கால் வினாடியில் திரையைக் கடந்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது 200 பிக்சல் தாவுகிறது. 1/50-இல் அந்தத் தாவலில் பாதியைக் கலங்கல் நிரப்பிவிடுவதால் கண் அதை ஓட்டமாக ஏற்றுக்கொள்ளும். 1/3200-இல் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிக் கூர்மையான படமாக நின்று, கதிர்கள் துள்ளித் துள்ளிப் போவது போல் தெரியும். இங்கே ஃபில்டரின் பயன் யார் கண்ணுக்கும் தப்பாது.

இவ்விரண்டுக்கும் நடுவே முப்பது மீட்டர் தூரம், 8 மீட்டர் வேகம் என்று வைத்தால் கடக்கும் நேரம் ஐந்தரை வினாடியும் கலங்கல் 14 பிக்சலுமாக வரும். எல்லைக்கோடு இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒளிப்பதிவாளர்களிடையே பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. கேமராவைத் திருப்பும்போது ஒரு பொருள் திரையைக் கடக்க ஏழு வினாடியாவது ஆக வேண்டும். அதைவிட விரைந்தால் காட்சி அதிரும். அதையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: கடக்கும் நேரம் பத்து வினாடிக்கு மேல் போனால் என்டி வேண்டாம்; ஐந்து வினாடிக்குக் கீழே வந்தால் வேண்டும்; இடைப்பட்டது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, கணக்கில் வருவது பொருள் இருக்கும் தூரம். ட்ரோனின் உயரம் அல்ல. ஐம்பது மீட்டர் உயரத்தில் பறந்தாலும் கோபுரத்தைப் பத்து மீட்டர் பக்கத்தில் உரசிச் சென்றால் அது அருகுப் பறத்தல்தான். இன்னொன்று, ட்ரோன் நின்ற இடத்திலேயே திரும்பும்போது தூரம் உதவிக்கு வராது. வினாடிக்கு 30 டிகிரி திரும்பினால், அடிவானத்து மலைகூட இரண்டரை வினாடியில் திரையைக் கடந்துவிடும். உயரே பறப்பவர் துள்ளலைத் தவிர்க்கச் செலவில்லாத வழி, திருப்பத்தை மெதுவாக்குவது. வினாடிக்கு ஐந்து டிகிரி என்றால் கடக்கும் நேரம் பதினைந்து வினாடியாகிவிடும். ஃபில்டர் வாங்கும் முன் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். தாம் ஏற்கெனவே எடுத்த வீடியோவைத் திறந்து, ஒரு மரமோ வண்டியோ திரையைக் கடக்கும் நேரத்தை எண்ணினால் போதும்.

ஜெல்லியும் இறக்கை நிழலும்

ட்ரோன் உலகில் என்டி பரவியதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2013 ஜனவரியில் வந்த முதல் ஃபேன்டம் ட்ரோனுக்குச் சொந்தக் கேமரா கிடையாது. கோப்ரோவைத் தொங்கவிட்டுப் பறக்க வேண்டும். மோட்டார்களின் அதிர்வு கேமராவுக்கு நேராகக் கடந்தது. சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், அதிர்வு திரையில் ஜெல்லி ஆடுவது போல் நெளிவாகத் தெரிந்தது. ஷட்டர் நேரம் நீண்டால் அந்த நுண்ணிய அதிர்வு கலங்கலில் கரைந்துவிடும். அன்றைக்கு என்டி ஒரு மருந்தாகவே இருந்தது. இன்று கேமராவை ஆடாமல் ஏந்தும் மூவச்சுக் கிம்பலும் ரப்பர் தாங்கிகளும் அந்த நோயைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. இறக்கை சேதமாகி ஜெல்லி வந்தால் மாற்ற வேண்டியது இறக்கையை. ஃபில்டர் அதை மூடி மறைக்கும், அவ்வளவே.

சூரியனை நோக்கிப் பறக்கும்போது இறக்கைகளின் நிழல் லென்ஸின் மேல் விழுந்து, படத்தில் குறுக்குப் பட்டைகள் ஓடுவதுண்டு. ஷட்டர் விரைவாக இருந்தால் பட்டைகள் அழுத்தமாகத் தெரியும், நீண்டால் மங்கிவிடும். காலை, மாலை வெயிலை எதிர்கொண்டு எடுப்பதை விரும்புபவருக்கு இது என்டியின் உண்மையான ஒரு பயன்.

நிலைப்படமும் நில அளவையும்

நிலைப்படம் எடுப்பவருக்கு என்டி பெரும்பாலும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது கூர்மை. விரைவான ஷட்டர் அதைத் தந்துவிடுகிறது. விலக்கு ஒன்றுண்டு. அருவியைப் பட்டு போலவும் அலைகளைப் புகை போலவும் எடுக்க ஒன்றிரண்டு வினாடி ஷட்டர் வேண்டும். காற்றில்லாத வேளையில் நல்ல கிம்பல் அந்த நேரம் ஆடாமல் நிற்கும். இதற்கும் மாற்று வழி உண்டு. ட்ரோனை ஒரே இடத்தில் நிறுத்திப் பதினாறு படங்களை அடுத்தடுத்து எடுத்து, கணினியில் சராசரியாக்கினால், கிட்டத்தட்ட அதே மென்மை வரும், நாய்ஸும் குறையும்.

நில அளவையில் நிலைமை நேர்மாறு. அங்கே ஃபில்டர் பயனற்றது மட்டுமல்ல, தீங்கும் செய்யும். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் வழியே வரைபடமாக்குவது போன்ற பணிகளில், நூற்றுக்கணக்கான படங்களின் பொதுப்புள்ளிகளைப் பொருத்தித்தான் வரைபடம் உருவாகிறது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோன் 1/50 வினாடியில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000-இல் ஒரு சென்டிமீட்டர்தான். வரப்பின் விளிம்பு 20 சென்டிமீட்டர் கலங்கிய படத்திலிருந்து எல்லை வரைய முடியாது. அளவைக்குப் போகும் ட்ரோனில் முந்தைய படப்பிடிப்பின் என்டி தவறியும் தங்கிவிடக் கூடாது.

போலரைசர்: எங்கே வெல்லும், எங்கே தோற்கும்

போலரைசரின் பயன் வேறு வகை. என்டி செய்வதைப் பின்னர் கணினியில் ஓரளவு செய்துகொள்ளலாம். தண்ணீர்ப் பளபளப்பின் அடியில் மறைந்துபோனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனாலேயே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தட்டையான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் முழுக்கக் கிடைத்தளத்தில் அதிரும் ஒளியாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் இந்தக் கோணத்துக்கான விதியைக் கண்டார். நீருக்கு அது செங்குத்திலிருந்து 53 டிகிரி. ட்ரோன்காரர் மொழியில் சொன்னால், கேமராவை அடிவானத்திலிருந்து 37 டிகிரி கீழே சாய்த்த நிலை. அந்தச் சாய்வில் போலரைசர் பளபளப்பை அறவே நீக்கி, ஆழமற்ற தெளிந்த நீரின் அடித்தரையைக் காட்டும். தென்னோலை, வாழையிலை, நெல் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் வெள்ளை மினுக்கம் போய் அசல் பச்சை தெரியும்.

ஆனால் நேர்கீழே பார்த்தால் திரும்பி வரும் ஒளியில் இந்த ஒழுங்கு இல்லை. குளத்தையோ நடவுக்கு நீர் கட்டிய வயலையோ உச்சியிலிருந்து எடுப்பவருக்குப் போலரைசர் ஒன்றும் செய்யாது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை மட்டும் விழுங்கும். நம் ஊர் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் அதன் பிம்பமும் ட்ரோனுக்கு நேர்கீழேதான் தெரியும். அதை வெட்ட இந்தக் கண்ணாடியால் முடியாது. சூரியன் சாய்ந்திருக்கும் முற்பகலும் பிற்பகலுமே இதற்கு ஏற்ற நேரம்.

ட்ரோன் திசை மாறுந்தோறும் போலரைசரைத் திருப்ப வேண்டும், வானத்தில் அது முடியாது, ஆகவே ட்ரோனுக்குப் போலரைசர் உதவாது என்ற வாதம் அடிக்கடி கேட்கிறது. இது பாதி உண்மை. வானத்தின் நீலத்தைப் பொறுத்தவரை சரி. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானமே மிகுதியாகக் கறுக்கும் என்பதால், விரிகோண லென்ஸில் ஒரு பக்கம் கரு நீலமும் மறுபக்கம் வெளிர் நீலமுமாகத் திட்டுத் திட்டாய் வரும். திரும்பினால் திட்டும் நகரும். ஆனால் நீர்ப்பரப்பு எந்தத் திசையில் பார்த்தாலும் கிடைமட்டமே. கிம்பல் கேமராவை அடிவானத்தோடு மட்டமாக வைத்திருப்பதால், தரையில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சாய்வாகப் பார்த்துப் பளபளப்பு மிகக் குறையும் நிலையில் ஃபில்டரைத் திருப்பி வைத்துவிட்டால், ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் படத்தின் நடுப்பகுதிக்கு அந்த நிலை செல்லும். மினி 3 புரோ, மினி 4 புரோ போன்றவற்றில் ரீல்ஸுக்காகக் கேமராவைச் செங்குத்தாக்கினால் மட்டும் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி திரும்பிவிடும். அப்போது அது பளபளப்பை வெட்டாமல் உள்ளே விடும். செங்குத்து வீடியோ எடுப்பவர் கேமராவை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே போலரைசரை அமைக்க வேண்டும்.

யுவி ஃபில்டர்

ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் தொல்லையாக இருந்தது. டிஜிட்டல் கேமராவில் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடியே அதை வெட்டிவிடுகிறது. தொலைதூர மூட்டம் யுவி ஃபில்டரால் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இன்று அடிப்படை இல்லை. பாதுகாப்பு என்ற ஒரு காரணம்தான் மிச்சம். பல ட்ரோன்களில் லென்ஸின் முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி மாற்ற முடியும். அந்த வேலையை அதுவே செய்கிறது. கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் அடிக்கடி பறப்பவர் உதிரியாக ஒன்று வைத்திருக்கலாம். மற்றவருக்குத் தேவையில்லை.

ஃபில்டர் கேட்கும் விலை

ஃபில்டரின் விலை பெட்டியில் ஒட்டியிருக்கும் தொகை மட்டுமல்ல. அப்பர்ச்சர் நிலையானது, ஷட்டரையும் 1/50-இல் கட்டிவிட்டால் மிஞ்சும் ஒரே கருவி ஐஎஸ்ஓ. மேகம் மறைத்தாலோ, ட்ரோன் வெயிலிலிருந்து மலை நிழலுக்குள் புகுந்தாலோ ஐஎஸ்ஓ ஏறி நாய்ஸ் வரும். வெளிச்சம் கூடினால் ஐஎஸ்ஓ 100-க்குக் கீழே இறங்க வழியில்லாமல் படம் வெளுக்கும். கண்ணாடியை மாற்ற ட்ரோனைத் தரையிறக்க வேண்டும். ஊர்வலமோ தேரோட்டமோ நமக்காக நிற்காது. மீண்டும் எடுக்க முடியாத நிகழ்ச்சியைப் படம் பிடிப்பவர், கலங்கலின் அழகைவிட எக்ஸ்போஷரின் உறுதியே முக்கியம் என்று முடிவெடுத்தால் அது சரியான முடிவே.

இரண்டாவது, கிம்பல். கேமராவை ஏந்தும் மோட்டார்கள் மிகச் சிறியவை; கிராம் கணக்கில் சமநிலை பார்த்துச் செய்யப்பட்டவை. மலிவான கனத்த கண்ணாடி போட்டால் ட்ரோன் இயங்கத் தொடங்கும்போதே கிம்பல் திணறிப் பிழை காட்டும். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களின் இறக்குமதி இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், வெளிநாட்டு ட்ரோனின் கிம்பல் பழுதானால் புதிதாக ஒரு ட்ரோனையே வாங்கிக்கொள்ளலாம் என்ற எளிய வழியும் இங்கே இல்லை. ட்ரோனை அணைத்த நிலையில், கேமராவை விரலால் தாங்கிக்கொண்டு ஃபில்டரை மாட்டுவது நல்லது.

மூன்றாவது, எடை. மினி வகை ட்ரோன்கள் 249 கிராம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை; அதற்கு மேல் இரண்டு கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். தொழில்முறையில் பறக்கும் மைக்ரோவுக்கு வேண்டும். மினி 2-இல் ஃபில்டரை லென்ஸின் மேலே கூடுதலாகப் பொருத்துவதால், ஒரு கிராமை மிஞ்சினாலே வகை மாறும். மினி 3 புரோவில் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுவதால் இந்தக் கவலை குறைவு. சம்பளத்துக்குப் பறப்பவர் ஃபில்டரோடு சேர்த்து ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, நிறம். தரம் குறைந்த அடர் ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெட்டி, அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்புத் துணி செம்பழுப்பாகத் தெரியும். ரா நிலைப்படத்தில் இதைத் திருத்தலாம், வீடியோவில் சிரமம். இரண்டு போலரைசர்களை ஒன்றன்மேல் ஒன்று சுழற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி ட்ரோனுக்குப் பொருந்தாது. பறக்கும்போது சுழற்ற முடியாது என்பதோடு, விரிகோணத்தில் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கருநிழலும் விழும்.

மாற்று வழி

விரைவான ஷட்டரில் எடுத்த வீடியோவுக்கு எடிட்டிங்கில் கலங்கலைச் சேர்க்க முடியும். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவில் அதற்கான வசதி இருக்கிறது. ரீல்ஸ்மார்ட் மோஷன் பிளர் என்ற தனி மென்பொருளும் உண்டு. அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்தது என்று கணித்துக் கலங்கலை வரைவதே அதன் முறை. சீராக நகரும் நிலப்பரப்பில் இது நம்பத்தக்க பலனைத் தரும். முன்னால் கிளைகள், பின்னால் கட்டடம் என்று ஒன்றையொன்று மறைத்து நகரும் காட்சியில் விளிம்புகள் குழம்பும். அதாவது, ஃபில்டர் மிகவும் தேவைப்படும் அருகுப் பறத்தலில்தான் இந்த மாற்று வழியும் தடுமாறுகிறது.

யார் எதை வாங்கலாம்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால் விடை தெளிவாகிறது. பெரும்பாலும் நிலைப்படம் எடுப்பவர், அளவைக்குப் பறப்பவர், உயரத்திலிருந்து மெதுவாக நகரும் காட்சிகளை எடுப்பவர், இரவு விழாக்களை எடுப்பவர் ஆகியோருக்கு என்டி தேவையில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு பேட்டரி வாங்கினால் படம் கூடும். இரவுப் படப்பிடிப்பில் ஷட்டரை 1/50-இல் வைத்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகளின் சிமிட்டலும் படத்தில் வராது. அதற்குக் கண்ணாடி எதுவும் வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் வண்டி, படகு, ஊர்வலம், பயிர், மரக்கூட்டம் இவற்றுக்கு நெருக்கமாகப் பறந்து வீடியோ எடுப்பவருக்கு என்டி உண்மையாகவே படத்தை மாற்றும். ஆனால் ஆறு கண்ணாடிப் பெட்டி வேண்டாம். 1/50-இலிருந்து ஒரு ஸ்டாப் இப்படி அப்படிப் போனால் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் இரண்டே கண்ணாடிகள் போதும். எஃப் 2.8 ட்ரோனுக்கு என்டி 16-உம் 64-உம், எஃப் 1.7 ட்ரோனுக்கு என்டி 32-உம் 128-உம். மேகமூட்டத்துக்கு முன்னது, சுடுவெயிலுக்குப் பின்னது. ட்ரோனின் மாடலுக்கென்றே செய்ததாக, எடை குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏரி, ஆறு, உப்பங்கழி, தோப்பு ஆகியவற்றைச் சாய்கோணத்தில் அடிக்கடி எடுப்பவர் தனியாக ஒரு போலரைசர் வாங்கலாம். அவர் நிலைப்படக்காரராக இருந்தாலும் இந்தப் பரிந்துரை மாறாது. என்டியைவிட இதுவே அவருக்கு முதல் தேவை.

ட்ரோன் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பலர் கடன் வாங்கிக் கருவி சேர்க்கிறார்கள். அவர்களிடம் ஃபில்டரை ஒரு தகுதிச் சான்று போல் விற்பது நியாயமில்லை. ஃபில்டரே ஏமாற்று என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதும் அதே அளவு தவறு. எடுத்த வீடியோவில் கடக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. பத்துக் காட்சிகளில் ஏழெட்டு ஐந்து வினாடிக்குக் கீழே வந்தால் கடைக்குப் போகலாம். இல்லையென்றால், கைவிரலை மெதுவாக அசைக்கப் பழகுவதே அவர்கள் படத்துக்கு இப்போது தேவையான முதலீடு.